கன்ஜங்ஷன்: இணைப்புச்சொல்லா, இடைச்சொல்லா?

விழுப்புரம், காட்பாடி, ஜோலார்பேட்டை போன்ற ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயரை ஒட்டி ஆங்கிலத்தில் ‘ஜங்ஷன்’ என்றும் தமிழில் ‘சந்திப்பு’ என்றும் எழுதியிருக்கும். அந்த ஜங்ஷனுக்கு முன்னால் ஒரு ‘கன்’ சேர்ந்தால் ஆங்கில இலக்கண வகுப்பின் கன்ஜங்ஷன்; ‘ஆண்ட்’, ‘பட்’ போலச் சொற்களையும் வாக்கியங்களையும் இணைக்கும் சொல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘யுங்கெரே’ என்றால் பூட்டுதல், இணைத்தல். ‘கோன்’ என்றால் ஒன்றாக. ஏரில் மாடு பூட்டும் நுகத்தடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘யோக்’ என்ற சொல்லும், சமஸ்கிருதத்தின் ‘யோக’மும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வானத்தில் இரண்டு கோள்கள் நெருங்கித் தெரிவதையும் வானியலார் கன்ஜங்ஷன் என்றே சொல்கிறார்கள். நம் ஜோதிடர்கள் அதற்குச் ‘சேர்க்கை’ என்பார்கள்.

லத்தீன்காரர்களுக்கும் இது சொந்தச் சரக்கு அல்ல. கிரேக்கத்தில் இதற்கு ‘சின்டெஸ்மோஸ்’ என்று பெயர். கட்டு, பிணைப்பு என்று பொருள். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாருக்கும் கிரேக்கர் இதே சொல்லைச் சொன்னார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் த்ராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம் சொற்களை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் கடைசி வகை சின்டெஸ்மோஸ். ரோமானிய இலக்கணக்காரர்கள் அதை உறுப்புக்கு உறுப்பு லத்தீனாக்க, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் புத்தகங்களில் ‘இணைப்புச்சொல்’ என்று இருக்கிறது. சிலர் ‘இடைச்சொல்’ என்று எழுதுகிறார்கள். பழைய இலக்கணப் பெயர் என்பதால் இரண்டாவது கூடுதல் தூய்மையாகத் தோன்றலாம். ஆனால் அது பிழை. ‘இடையெனப் படுப பெயரொடும் வினையொடும் நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே’ என்கிறது தொல்காப்பியம். பெயரையும் வினையையும் சார்ந்து நடக்கும், தனித்து இயங்காது என்பதே இடைச்சொல்லின் இலக்கணம். வேற்றுமை உருபு, காலம் காட்டும் இடைநிலை, சாரியை, உவம உருபு, வெறும் அசைநிலை எல்லாம் அதற்குள் அடக்கம். ‘வீட்டில்’ என்பதில் உள்ள ‘இல்’ இடைச்சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ‘இன்’ பிரிப்பொசிஷன், கன்ஜங்ஷன் அல்ல. இடைச்சொல் என்பது பெரிய குடும்பம், இணைப்பது அதில் ஒரு பிள்ளையின் வேலை. ‘சந்திச்சொல்’ என்றும் சொல்ல முடியாது. சந்தி என்ற பெயரை எழுத்துப் புணர்ச்சி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே இணைப்புச்சொல் என்பதே என் தேர்வு. ‘ஆஸ் சூன் ஆஸ்’, ‘இன் ஆர்டர் தட்’ போலப் பல சொல் கூடி ஒரே இணைப்பாக நிற்பவற்றுக்கு ‘இணைப்புத்தொடர்’.

பெயர் கிடைத்துவிட்டது. பொருள்தான் அவ்வளவு எளிதில் கிடைக்காது. தமிழில் இணைக்கும் வேலையைப் பெரும்பாலும் தனிச்சொல் செய்வதில்லை, ஒட்டுதான் செய்கிறது. நல்வழியின் கடவுள் வாழ்த்தைப் பாருங்கள்: ‘பாலும் தெளிதேனும் பாகும் பருப்பும் இவை நாலும் கலந்துனக்கு நான் தருவேன்’. நான்கு பொருளுக்கும் நான்கு ‘உம்’. ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றை விட்டுவிட முடியாது. இது எண்ணும்மை. அடுத்து வரும் ‘நாலும்’ என்பதிலுள்ள ‘உம்’ வேறு; மொத்தமும் என்று சொல்லும் முற்றும்மை. தொல்காப்பியம் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம் என்று தொடங்கி எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணுதல் அதில் ஒன்று மட்டுமே. இதே வரியை இன்றைய அறிவிப்பு நடையில் எழுதினால் ‘பால், தெளிதேன், பாகு மற்றும் பருப்பு’ என்று ஆகும். பிள்ளையாருக்குப் படையல் போய் மளிகைக் கடை ரசீது வந்துவிடும்.

அந்த ‘மற்றும்’, ஆங்கில ‘ஆண்ட்’டுக்கு நேராக ஒரு தனிச்சொல் வேண்டும் என்ற அவசரத்தில் பதவிக்கு வந்தது. ‘மற்று’ பழைய சொல்தான். வேறு, பிற என்ற பொருளில் குறளில் ‘மற்றெல்லாம் புறத்த’ என்று வருகிறது. அடுக்கிய பட்டியலின் கடைசிப் பெயருக்கு முன்னால் நிற்பது அதன் பழைய வேலை அல்ல. அலுவலகக் கடிதத்தில் பதினைந்து பெயர்களை அடுக்கும்போது அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. கதையிலும் கட்டுரையிலும் அது வரும்போது எனக்குக் காதில் இடறுகிறது.

வாக்கியத்தோடு வாக்கியத்தை இணைக்கும்போது வேறுபாடு இன்னும் பெரிது. ஆங்கிலத்தில் ஃபார், ஆண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்ற ஏழும் சமநிலையில் உள்ளவற்றை இணைக்கும். பிகாஸ், இஃப், ஆல்தோ, வென், அன்லெஸ் முதலியவை ஒரு வாக்கியத்தை இன்னொன்றுக்குக் கீழே வைக்கும். இந்த இரண்டாம் வகைக்குத் தமிழில் பெரும்பாலும் வினையின் வாலே போதும். வந்தால், வந்தாலும், வந்ததால், வந்ததும், வரும்வரை: ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில இணைப்புச்சொல் அடங்கியிருக்கிறது. ‘ஆஸ் சூன் ஆஸ்’ என்ற மூன்று சொல்லும் சேர்ந்து செய்வதை ‘வந்ததும்’ என்பதின் ‘உம்’ செய்துவிடுகிறது. திராவிட மொழிகள் இணைப்புச்சொற்களைவிட வினையெச்சத் தொடர்ச்சியை விரும்புகின்றன என்று கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஏற்கெனவே குறித்திருக்கிறார். ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பினான்’ என்ற வாக்கியத்தில் ஓர் இணைப்புச்சொல்கூட இல்லை. எதுவும் அறுந்து தொங்கவும் இல்லை.

தனித்து நிற்கும் இணைப்புச்சொற்கள் தமிழிலும் உண்டே என்றால், உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு முழு வினையோ பெயரோ உட்கார்ந்திருக்கும். ‘ஏனென்றால்’ என்பது ‘ஏன் என்று கேட்டால்’ என்ற குட்டி வாக்கியம். பேச்சில் தேய்ந்து ‘ஏன்னா’ ஆகிவிட்டது. ‘ஆனால்’ என்பது ஆகு என்னும் வினையின் நிபந்தனை வடிவம்; ‘டாக்டர் ஆனால்’ என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘எனவே’ என்பதில் என்னுதல், அதாவது சொல்லுதல். ‘ஆகவே’ என்பதில் மறுபடி ஆகுதல்.

ஆங்கிலத்தின் கதையும் இதுவேதான். ‘பிகாஸ்’ முதலில் ‘பை காஸ்’ என்ற இரண்டு சொல், காரணத்தால் என்று பொருள். அதுவும் பேச்சில் தேய்ந்து வெறும் ‘காஸ்’ ஆகிறது, நம் ‘ஏன்னா’வைப் போலவே. ‘அன்லெஸ்’ என்பது ‘ஆன் லெஸ்’ என்ற தொடரின் சுருக்கம். ‘வைல்’ என்பது காலத்தைக் குறித்த பெயர்ச்சொல். ‘வரும்போது’ என்பதில் உள்ள ‘போது’ பொழுதுதானே. இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ‘பட்’. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வெளியே, தவிர என்று பொருள். ‘ஆல் பட் ஒன்’ என்றால் ஒன்றைத் தவிர எல்லாம். ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு’ என்ற 231ஆம் குறளில் ‘அல்லது’ இதே வேலையைச் செய்கிறது: அதைத் தவிர வேறு ஊதியம் இல்லை. தவிர என்ற இடத்திலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்களில் ஆங்கிலச் சொல் ‘ஆனால்’ பக்கம் போயிற்று, தமிழ்ச் சொல் ‘ஆர்’ பக்கம் வந்தது.

ஆகவே கன்ஜங்ஷனல் ஃபிரேஸ் என்னும் இணைப்புத்தொடரைத் தனி அத்தியாயமாகப் பயந்து படிக்கத் தேவையில்லை. இன்று தொடராக இருப்பது இன்னும் தேயாத இணைப்புச்சொல், அவ்வளவுதான். ‘ப்ரொவைடட் தட்’ என்பதில் வினை இன்னும் அப்படியே தெரிகிறது.

தமிழ் நினைப்போடு ஆங்கிலம் எழுதும்போது இடறும் இடங்கள் சிலவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ‘வராவிட்டால்’ என்பதில் எதிர்மறை வெளிப்படையாக ஒலிக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதிவிடுவோம். அன்லெஸ்ஸுக்குள் எதிர்மறை ஏற்கெனவே இருக்கிறது. ‘அன்லெஸ் யூ கம்’ என்றால் போதும். ‘ஆல்தோ’வில் தொடங்கிய வாக்கியத்தில் பின்னால் ஒரு ‘பட்’ வைப்பதும் இதே ரகம். ஒரு கயிற்றுக்கு ஒரு முடிச்சு போதும். வேண்டுமானால் ‘பட்’டை எடுத்துவிட்டு ‘யெட்’ வைத்துக்கொள்ளலாம், அதை ஆங்கிலம் பொறுத்துக்கொள்ளும்.

‘ஆஸ் வெல் ஆஸ்’ கொஞ்சம் வம்பு பிடித்தது. ‘ராமுவும் தம்பிகளும் வருகிறார்கள்’ என்று தமிழில் உம்மை போட்டவுடன் எழுவாய் பன்மையாகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஆண்ட்’ போட்டாலும் அப்படியே. ‘ஆஸ் வெல் ஆஸ்’ போட்டால் மட்டும் வினை முதல் பெயரைப் பார்த்தே நிற்கும்: ‘ராமு, ஆஸ் வெல் ஆஸ் ஹிஸ் பிரதர்ஸ், இஸ் கமிங்’. இங்கே தம்பிகள் எழுவாயில் சேரவில்லை, துணைக்குத்தான் வந்தவர்கள். அதனால் இதைத் தமிழாக்கும்போது உம்மையைவிட ‘தம்பிகளோடு ராமு வருகிறான்’ என்று ‘ஓடு’ போடுவது மூலத்துக்கு நெருக்கம்.