வலி நின்றால் கல் போய்விட்டது என்று யார் சொன்னது?

போன மாதம் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஏழு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் 103, உடம்பு தூக்கிப்போடுகிறது. கூட வந்த பாட்டி கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருந்தது. எட்டு மாதம் பழையது. இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் வாயிலில் 16 மில்லிமீட்டர் கல் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

"அப்பவே ஏம்மா வரல?" என்று கேட்டேன்.

"கல்லுருக்கி அரச்சு குடுத்தோம் சாரே. ரெண்டு வாரத்துல வலி நின்னுபோச்சு. கல்லு கரைஞ்சுபோச்சுன்னுதான நெனச்சோம்."

இந்தப் பதிலை எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கல்லடைப்பில் உயிர் போகிற மாதிரி வலிப்பது, கல்லுக்கு மேலே தேங்கிய சிறுநீரின் அழுத்தத்தால்தான். நாள் போகப்போக அந்தச் சிறுநீரகம் சிறுநீர் பிரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வீக்கத்துக்கும் பழகிவிடும். அழுத்தம் குறையும், வலியும் குறையும். மடை அடைத்துக் கிடக்கிற குளத்துக்கு வரத்தும் நின்றுபோனால் கரை உடையாது, உண்மைதான். அதற்காக மடை திறந்துவிட்டது என்று சொல்வீர்களா? வலி நின்ற பிறகு மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், பத்தில் ஒன்பது வீட்டில் பதில் வராது. இந்தப் பையனின் இடது சிறுநீரகம் வீங்கி, சதை மெலிந்து, பாதி வேலைகூடச் செய்யவில்லை. உள்ளே தேங்கியது சீழாகியிருந்தது. முதலில் முதுகுப்பக்கமாக ஒரு சிறு குழாய் வைத்து அதை வடித்தோம், காய்ச்சல் அடங்கிய பிறகுதான் கல்லில் கை வைக்க முடிந்தது.

வாழைத்தண்டு, சிறுபீளை, ரணகள்ளி எல்லாவற்றின் பெயரும் எனக்குத் தெரியும், நானும் இந்த ஊர்க்காரன்தான். நாலைந்து மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். மருந்தில் நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல். பிள்ளைகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது கால்சியம் ஆக்சலேட், அது கரையாது.

அப்புறம் அடுத்த பயம். "சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷனா? பத்து வயசாவது ஆகட்டும்." அந்தக் காலத்தில் விலாப்பக்கம் ஒரு சாண் கிழித்துக் கல் எடுத்ததைப் பார்த்தவர்கள் சொல்லும் பேச்சு இது. முதுகில் சின்னத் துளை வழியாகக் கல் எடுப்பது 1976-லேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகாத பிள்ளைகளுக்காக ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் குழாயில் அதைச் செய்ததை அமெரிக்க மருத்துவர்கள் 1998-லேயே எழுதிவிட்டார்கள். இந்தப் பையனுக்கு நான் வைத்த குழாய் 5 மில்லிமீட்டர், அவன் எழுதுகிற பென்சில் அதைவிடத் தடிமன். லேசரால் கல்லைப் பொடித்து அந்த வழியாகவே எடுத்தோம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். சின்னக் கல்லென்றால் துளைகூட வேண்டாம், சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கேமரா போகும். சிலருக்கு வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்தே உடைக்கலாம். பிள்ளை ஆடாமல் படுக்க வேண்டும் என்பதால் அதற்கும் மயக்க மருந்து வேண்டியிருக்கும், அதைக் கேட்டுப் பதறாதீர்கள். (சொல்லப்போனால் தியேட்டரில் கல்லைவிட எனக்குப் பெரிய கவலை, பிள்ளையின் உடம்பு சில்லிட்டுவிடக் கூடாது என்பதுதான். உள்ளே விடுகிற உப்புநீரைச் சூடாக்கித்தான் விடுவோம், ஏசியைக் குறைக்கச் சொல்லி நான் போடும் சத்தம் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும்.)

சிலருக்குக் கேமரா போகிற சிறுநீர்க்குழாயே குறுகலாக இருக்கும். அப்போது அதற்குள் ஸ்டென்ட் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் வைத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வோம். அது இரண்டாவது பில் போடுவதற்காக இல்லை, ஐயா. நெருக்கினால் கிழிந்துவிடும்.

கல் எடுத்தாகிவிட்டது என்று எழுந்து போய்விடவும் கூடாது. பிள்ளைக்கு ஏன் கல் வந்தது என்று பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் திரும்ப வரும். கல்லைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்துத் தாருங்கள். சிஸ்டின் என்கிற பொருள் சிறுநீரில் அளவுக்கு மீறிப் போவது போன்ற பரம்பரைக் கோளாறு அதில்தான் பிடிபடும். வீட்டில் தானாகக் கல் இறங்கினால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

பாலை நிறுத்தாதீர்கள். கால்சியம் கல் என்று காதில் விழுந்ததுமே பாலை நிறுத்துகிற அம்மாக்களை என்ன சொல்ல? உணவில் இருக்கிற கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிப்போடும், அது போனால் கல் கூடத்தான் செய்யும். குறைக்க வேண்டியது உப்பு. தினமும் சாயங்காலம் ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட், சோற்றுக்குக் கருவாடு, இவற்றில் கை வையுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நான் தடுக்கவில்லை, உப்பைப் பார்த்துப் போடுங்கள். தண்ணீர் பாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறைந்தபடியே திரும்பி வருகிறதா? அங்கே கழிவறை எப்படி இருக்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காத பெண்பிள்ளைகள் என் ஓபியில் நிறையப் பேர்.

காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்து வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அந்த ராத்திரியே கிளம்புங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் எதுவோ.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே வைத்த ஸ்டென்ட்டை எடுக்கச் சொன்ன தேதியில் வாருங்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும், அப்புறம் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். இந்தப் பையனுக்கும் ஸ்டென்ட் எடுக்க அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அன்னைக்கு ஊர்ல திருவிழா கொடியேத்து சாரே, பத்து நாள் கழிச்சு வரட்டா?" என்று பாட்டி கேட்டார். கொடியேற்று சாயங்காலம்தானே, காலையில் ஏழு மணிக்கே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.