கிளட்சை மறக்கும் மூளை

கார் ஓட்டப் பழகும் முதல் வாரத்தில், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தாலே வண்டி நின்றுவிடும். கிளட்சை எவ்வளவு விடுவது, கியரை எப்போது மாற்றுவது என ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்யவேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வீட்டுக் கணக்குப் பேசியபடியே நெரிசலைக் கடந்துவிடுவார். அவருடைய கவனசக்தி வளர்ந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில், அந்த வேலைக்குத் தேவைப்படும் கவனம்தான் குறைந்திருக்கிறது.

புதிய வேலையில் நம்மை நடத்துவது, நெற்றிக்குப் பின்னுள்ள முன்நெற்றிப் புறணியும், மூளையின் உட்புறச் சுவரிலுள்ள சிங்குலேட் பகுதியும், உச்சிமடலின் சில பகுதிகளும் சேர்ந்த ஒரு வலையமைப்பு. ஒரு மேற்பார்வையாளரைப்போல இலக்கை நினைவில் நிறுத்துவதும், பழக்கம் முந்திக்கொண்டால் தடுப்பதும் இதன் பணி. இது மெதுவானது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கொடுத்தால் திணறும்.

பழக்கத்தின் வலுவை 1935-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் அளந்து காட்டினார். நூறு வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 நொடிகள் ஆயின. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிடுவதுபோல், சொல் ஒன்றும் மை வேறொன்றுமாகக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது 110 நொடிகள் ஆயின. ஆண்டுக்கணக்கில் பழகிய வாசிப்பு, வேண்டாம் என்றாலும் முன்னே வந்து நிற்கிறது. இதற்குப் பிறகு அவர் செய்த, அதிகம் பேசப்படாத சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எட்டு நாள்கள் நிறம் சொல்லப் பழக்கியதும் இந்தத் தடுமாற்றம் குறைந்தது. கூடவே, வண்ண மையில் இருந்த சொற்களை வெறுமனே வாசிப்பதிலும் அவர்கள் சற்று நேரம் தடுமாறினார்கள். இப்போது நிறத்தின் பெயரும் முந்தப் பழகிவிட்டது.

ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதற்குரிய நியூரான் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறையும் மாறக்கூடும். 2015-இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், ஆறு வாரங்கள் விரல் அசைவு வரிசைகளைப் பழகியவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் கவனித்தனர். பழகப் பழக, பார்வைப் பகுதியும் இயக்கப் பகுதியும் ஒன்றையொன்று சாராமல் தனித்தியங்கத் தொடங்கின. மேற்பார்வை செய்யும் நெற்றிமடலும் சிங்குலேட்டும் சீக்கிரமாக ஒதுங்கிக்கொண்டவர்களே விரைவாகக் கற்றவர்கள். பயிற்சி பெற்ற மூளை கூடுதலாக உழைக்கும் என்ற எண்ணத்துக்கு இது பொருந்தவில்லை.

மேற்பார்வையாளர் ஒதுங்கினார் என்பதால் அவர் பலசாலியாகிவிட்டார் என்று பொருளல்ல. நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 11,430 பேர் ஆறு வாரங்கள் கணினியில் மூளைப் பயிற்சி செய்தனர். பழகிய விளையாட்டுகளில் முன்னேறினார்கள். பழகாத சோதனைகளுக்கு அந்த முன்னேற்றம் கடத்தப்படவில்லை.

பயிற்சி அந்த வேலையோடு எவ்வளவு இறுகிக்கொள்கிறது என்பதை உளவியலாளர்கள் ஷிஃப்ரினும் ஷ்னைடரும் 1977-இலேயே கண்டனர். சில எழுத்துகளைத் தேடவும் மற்றவற்றைப் புறக்கணிக்கவும் ஆயிரக்கணக்கான முறை பழக்கிவிட்டு, பிறகு தேடவேண்டியவற்றையும் புறக்கணிக்கவேண்டியவற்றையும் இடம் மாற்றினார்கள். புதிதாகக் கற்றதைவிடப் பழையதை அவிழ்த்துக் கற்பதே கடினமாக இருந்தது. பல ஆண்டுகள் கியர் வண்டி ஓட்டியவர் முதன்முறையாக ஆட்டோமேட்டிக் கார் ஓட்டும்போது, சிக்னலை நெருங்கியதும் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி மிதிக்கிறது.