கரந்துறை சிற்றினம்: ‘கிரிப்டிக் ஸ்பீஷீஸ்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒன்றோடொன்று கலந்து இனம் பெருக்குவதும் இல்லை. இப்படி ஒரே பெயருக்குள் நெடுநாள் அடங்கிக் கிடந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினங்களை ‘கிரிப்டிக் ஸ்பீஷீஸ்’ என்பர்.

‘க்ருப்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மறைந்துள்ள’ என்று பொருள். தேவாலய நிலவறையைக் குறிக்கும் ‘கிரிப்ட்’, இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ‘கிரிப்டோ’ இரண்டும் இதன் வழி வந்தவை. சிற்றினத்தைக் குறிக்கும் ‘ஸ்பீஷீஸ்’ இலத்தீன் சொல். பார்த்தல் என்னும் வினையிலிருந்து பிறந்து, முதலில் ‘தோற்றம்’ என்றே பொருள் தந்தது. ஆகவே வேர்ப்பொருளில் இத்தொடர் ‘மறைந்துள்ள தோற்றம்’ ஆகிறது. கண்ணால் கண்டு பிரித்த காலத்துச் சொல், கண்ணுக்குப் பிடிபடாத ஒன்றைச் சுட்ட வேண்டியதாயிற்று.

தமிழாக்கத்தில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ‘மறைந்த சிற்றினம்’ என்றால் அழிந்துபோனது என்றே வாசகர் கொள்வார். ‘உருமறைச் சிற்றினம்’ என்றால் காய்ந்த இலை போல இறக்கை மூடிப் பகையை ஏய்க்கும் பூச்சி நினைவுக்கு வரும்; அது உருமறைப்பு, முற்றிலும் வேறு. இங்கே எந்தப் பூச்சியும் ஒளிந்துகொள்ளவில்லை, நமக்குத்தான் வேறுபாடு தெரியவில்லை.

நம் சித்திரகவிகளில் ‘கரந்துறை செய்யுள்’ என்று ஒரு வகை உண்டு; கரந்து உறைதல் என்றால் மறைந்து தங்குதல். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு இருக்கும். எடுத்துப் படிக்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கும். இதைவிடப் பொருத்தமான உவமை அமையாது. அதனால் ‘கரந்துறை சிற்றினம்’ என்பதே எங்கள் தேர்வு. ‘சுடுசோறு’ போல வினைத்தொகை; ஆகவே ஒற்று மிகாது. இலங்கைப் பாடநூல் வழக்கைப் பின்பற்றுவோர் ‘கரந்துறை இனம்’ எனலாம்.

ஐரோப்பாவின் லெப்டிடியா பேரினம் இதற்கு நல்ல சான்று. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட லெப்டிடியா சினாபிஸ், மெலிந்த உடலுள்ள சிறு வெள்ளை வண்ணத்துப்பூச்சி. 230 ஆண்டுகள் ஒன்றாக எண்ணப்பட்ட கூட்டத்திலிருந்து, பிறப்புறுப்பின் அமைப்பை வைத்து 1988-இல் இன்னொன்று பிரிந்தது. இன்று அதன் பெயர் லெப்டிடியா ரியலி. அதற்குள்ளும் ஒன்று இருந்ததை டிஎன்ஏவும் குரோமோசோம் எண்ணிக்கையும் 2011-இல் காட்டின. அந்த மூன்றாவதே லெப்டிடியா ஜுவர்னிகா. ரியலியில் குரோமோசோம்கள் 50-ஐ ஒட்டியும், ஜுவர்னிகாவில் 80-க்கு மேலும் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை ஒன்றையே நம்ப முடியாது: சினாபிஸில் ஸ்பெயினில் 106 இருப்பது கிழக்கே கஜகஸ்தானில் 56 ஆகக் குறைகிறது, இரண்டும் ஒரே சிற்றினம்தான். ஆண்கள் வேற்றினப் பெண்ணையும் நாடுகின்றன. பெண்ணோ தன்னினத்து ஆணை மட்டுமே ஏற்கிறது.

உடற்கூற்றைப் பார்க்கும் முறை இது. முதலில் ஒரு காலைக் கழற்றி 95 சதவீத எத்தனாலில் டிஎன்ஏவுக்காகப் போட்டுவிட வேண்டும். பிறகு வயிற்றுப் பகுதியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, வெந்நீரில் வைத்த குழாயில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்கலாம். அறை வெப்பத்தில் ஓர் இரவு ஊறவைத்தாலும் சரி. கொழுப்பும் தசையும் கரைந்துவிடும், கைட்டின் ஓடு மட்டும் நிற்கும். தண்ணீரில் அலசி, மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, நுனி வளைந்த ஊசியால் பிறப்புறுப்பை வெளியே இழுத்துக் கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். சினாபிஸ் ஆணின் புணர்ச்சிக் குழல் குட்டை. மற்ற இரண்டிலும் நீளம். அந்த இரண்டையும் தம்முள் பிரிக்க இந்த அளவு போதாது. அங்கே டிஎன்ஏ வேண்டும்.

கரைசலில் அதிக நேரம் விட்டால் சவ்வுகள் சிதைந்து எல்லாம் கண்ணாடிபோல் ஆகிவிடும். உறுப்பு சற்றே சாய்ந்திருந்தாலும் நீளம் குறைவாகத் தெரியும். எல்லா மாதிரியையும் ஒரே கோணத்தில் வைத்தே அளக்க வேண்டும். எல்லாவற்றிலும் மோசமானது, குழாயின் எண்ணும் பூச்சியின் அடையாளச் சீட்டின் எண்ணும் மாறிப்போவது. அதைப் பின்னால் சரிசெய்ய வழியே கிடையாது.

டிஎன்ஏவுக்கும் கண்மூடித் தலையாட்டக் கூடாது. வழக்கமாகப் படிக்கப்படும் 658 எழுத்து நீளமுள்ள சிஓஐ மரபணுத் துண்டு மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. தாய்வழி மட்டுமே வரும். ஜப்பானில் யூரிமா ஹெகாபி, யூரிமா மாண்டரினா என்ற இரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளில் இது ஆய்வாளர்களைத் தடம் மாற்றியது. (ஹெகாபி நம் ஊர்ப் புல்வெளிகளிலும் தாழப் பறப்பதுதான்.) வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் முட்டை வழியே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, தான் பரவும்போது ஒரே மைட்டோகாண்ட்ரியா வகையையும் கூடவே இழுத்துச் சென்றது. அதனால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை வைத்து வரைந்த உறவு மரத்தில் பூச்சிகள் சிற்றினப்படி பிரியாமல் தொற்றின்படி பிரிந்து நின்றன. உட்கருவிலுள்ள மரபணுக்களைப் படித்த பிறகே இரண்டும் தனித்தனியாக விலகின. உட்கரு மரபணு ஒன்றாவது பார்க்காமல் புதுச் சிற்றினம் அறிவிப்பது தவறு என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

புகைப்படம் மட்டும் கையில் இருந்தால் ‘லெப்டிடியா சினாபிஸ்’ என்று எழுதாமல் ‘லெப்டிடியா சினாபிஸ் கூட்டு’ என்று பதியுங்கள். ‘கூட்டு’ என்ற அந்த ஒரு சொல், உள்ளே கரந்துறைவன இருக்கலாம் என்று அடுத்துப் படிப்பவருக்குச் சொல்லிவிடும்.