லீக்: கட்டு என்ற பொருளில் பிறந்த ஒரு சொல்

2017இல் ஆட்டப் பருவம் முடிந்த கையோடு இங்கிலிஷ் பிரீமியர் லீக் கலைந்துபோனது. கால்பந்து லீக் அல்ல, அதே பெயரில் நடந்துவந்த ஐஸ் ஹாக்கி லீக். 1997இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்தது அது; 2005 முதல் பிரிட்டனின் இரண்டாம் அடுக்கு ஐஸ் ஹாக்கிப் போட்டியாக இருந்தது. கடைசிப் பருவத்தில் பத்து கிளப்புகள் ஆடின. அவற்றில் மான்செஸ்டர் ஃபீனிக்ஸ் பருவத்தின் நடுவிலேயே, ஜனவரியில், பணமில்லாமல் மூடப்பட்டது. கில்ஃபர்ட் ஃபிளேம்ஸும் மில்டன் கீன்ஸ் லைட்னிங்கும் முதல் அடுக்கான எலீட் லீக்குக்குப் போயின. மிச்சம் ஏழு.

அந்த ஏழு கிளப்புகளும் எங்கும் போய்விடவில்லை. பேசிங்ஸ்டோக், பிராக்னெல், பீட்டர்பரோ, ஸ்விண்டன், ஹல், ஷெஃபீல்டு, டெல்ஃபர்ட் என்று ஊருக்கு ஊர் அணி இருந்தது, பனித்தளம் இருந்தது, சனி ஞாயிறு தவறாமல் வரும் ரசிகர்கள் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் ஏழும் ஆடவும் செய்தன. அப்படியானால் இல்லாமல் போனது எது? அணியும் போகவில்லை, ஆட்டமும் போகவில்லை. லீக் போய்விட்டது என்கிறோம். அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?

நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் சொல் இது. ஆனால் தமிழில் அது வேறொரு வேலைக்குப் போய்விட்டது. 'இந்தியா லீக் சுற்றிலேயே வெளியேறியது' என்று விளையாட்டுப் பக்கத்தில் படிக்கிறோம். அங்கே லீக் என்றால் ஒரு பிரிவில் உள்ள எல்லாரும் எல்லாரோடும் மோதும் கட்டம். அதைத் தாண்டினால் கால் இறுதி, அரை இறுதி. அதாவது நமக்கு லீக் என்பது ஆட்டம் நடக்கும் முறை. அதை நடத்தும் அமைப்புக்கும் அதே பெயர் உண்டு என்பது ஐ.பி.எல். வந்த பிறகுதான் பலருக்குப் பழக்கமானது. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அங்கே உதைபந்தாட்ட லீக் என்றால் ஒரு பகுதியின் கழகங்களைச் சேர்த்து நிர்வகிக்கும் அமைப்புதான். யாழ்ப்பாண லீக், பருத்தித்துறை லீக் என்று சொல்லும்போது யாரும் சுற்றை நினைப்பதில்லை. என் பார்வையில் அவர்களுடைய பயன்பாடுதான் சொல்லின் வேருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேர் லத்தீனில் இருக்கிறது. லிகாரே என்றால் கட்டுதல், பிணைத்தல். அது இத்தாலியத்தில் லேகா என்றும் பிரெஞ்சில் லீக் என்றும் ஆகி, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநாரை மருத்துவர்கள் லிகமெண்ட் என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். தொடக்கத்தில் லீக் என்பது அரசர்களும் நகரங்களும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உடன்படிக்கை. வட ஐரோப்பிய வணிக நகரங்களின் ஹான்ஸா கூட்டுக்கு அந்தப் பெயர் உண்டு. 1576இல் பிரான்சில் கத்தோலிக்கப் பிரபுக்கள் அமைத்த அணிக்கும் அதே பெயர். 1906இல் டாக்காவில் பிறந்த முஸ்லிம் லீக் நமக்கு நெருக்கமான உதாரணம். அதன் வழிவந்த இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1948இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. எனவே தமிழர்களுக்கு இந்தச் சொல் முதலில் பழக்கமானது மைதானத்திலா மேடையிலா என்று கேட்டால், மேடை என்று சொல்லவும் இடமிருக்கிறது.

(தொலைவைக் குறிக்கும் இன்னொரு லீக் உண்டு, ஏறக்குறைய மூன்று மைல். அது கால் (Gaul) எனப்பட்ட பழைய பிரான்ஸ் நாட்டு மொழியிலிருந்து லத்தீனுக்குப் போனது. இதற்கு உறவில்லை. நம்முடைய காதம் அதைப் போன்ற ஓர் அளவு.)

அரசியல் மேடையிலிருந்து விளையாட்டுக்கு இந்தச் சொல் வந்த கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1871 முதல் பேஸ்பால் போட்டிகளை நடத்தியது ஆட்டக்காரர்களின் பெயரால் அமைந்த ஒரு சங்கம். கிளப்புகள் ஒப்புக்கொண்ட ஆட்டத்துக்கு வராமல் போவது அங்கே சகஜம். 1876இல் அதன் இடத்தில் நேஷனல் லீக் வந்தது. அதன் முழுப்பெயரில் ஆட்டக்காரர்கள் இல்லை, கிளப்புகள்தான் இருந்தன. சங்கம் போய் லீக் வந்தது, ஆட்டக்காரர் போய் கிளப் வந்தது. இரண்டும் ஒரே நாளில் நடந்தது தற்செயல் இல்லை. அந்த முதல் பருவத்திலேயே நியூயார்க், பிலடெல்பியா கிளப்புகள் பருவத்தின் கடைசி வெளியூர் ஆட்டங்களுக்குப் போக மறுத்தன. இரண்டையும் லீக்கிலிருந்து நீக்கினார்கள். ஊர் எவ்வளவு பெரிது என்று பார்க்கவில்லை. கட்டுக்குள் வந்தால் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த துணி வியாபாரி வில்லியம் மெக்ரெகர் அதே காரணத்துக்காகப் பிற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். நட்பு ஆட்டங்கள் கடைசி நேரத்தில் ரத்தாகின்றன, வருமானம் போகிறது, நாம் சில கிளப்புகள் சேர்ந்து ஆட்டங்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வோம் என்பது அவர் யோசனை. பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து ஃபுட்பால் லீக் உருவானது. லீக் என்ற பெயர் மெக்ரெகருக்கே பிடிக்கவில்லை. அயர்லாந்தின் நில உரிமை இயக்கத்துக்கு லேண்ட் லீக் என்று பெயர், அதன் அரசியல் வாசம் விளையாட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் தயங்கினார். ஆனாலும் பெயர் நிலைத்தது.

ஆக, விளையாட்டில் லீக் என்றால் 'என் ஊருக்கு நீ வா, உன் ஊருக்கு நான் வருகிறேன், பருவம் முடியும்வரை இதை மீறமாட்டோம்' என்று கிளப்புகள் போட்டுக்கொள்ளும் கட்டு. கோப்பை, புள்ளிப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்டனின் ஐஸ் ஹாக்கிக்குத் திரும்பினால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவைத் தாண்டித் தங்கம் வென்ற நாடு அது. ஆனால் உள்நாட்டில் அதன் லீக்குகள் நீண்ட நாள் நிலைப்பதில்லை. 1996இல் பெரிய கிளப்புகள் எட்டு சேர்ந்து சூப்பர்லீக் என்று தனியாகப் போயின. பெரிய அரங்குகள், பெரிய சம்பளம், பெரும்பாலும் கனடா ஆட்டக்காரர்கள். அந்தச் செலவைத் தாங்க முடியாத கிளப்புகளுக்குக் கீழே பிரிட்டிஷ் நேஷனல் லீக் உருவானது. 2002 நவம்பரில் சூப்பர்லீக்கின் ஸ்காட்டிஷ் ஈகிள்ஸ், மான்செஸ்டர் ஸ்டார்ம் அணிகள் பருவத்தின் நடுவிலேயே விழுந்தன, 2003இல் சூப்பர்லீக்கே முடிந்தது. அதன் இடத்தில் எட்டு கிளப்புகளோடு எலீட் லீக் வந்தது.

2005இல் நேஷனல் லீக்கில் ஏழு கிளப்புகள் இருந்தன. நியூகாசில் வைப்பர்ஸ், எடின்பரோ கேப்பிடல்ஸ் இரண்டும் எலீட் லீக்குக்குப் போயின. மீதி ஐந்தை வைத்து ஒரு பருவத்தை நடத்த முடியவில்லை. கில்ஃபர்டும் பிராக்னெலும் ஹல்லும் இங்கிலிஷ் பிரீமியர் லீக்கில் சேர்ந்தன. டண்டீயும், 1938 முதல் ஆடிவரும் ஃபைஃப் ஃபிளையர்ஸும் வடக்கே சிறிய போட்டிகளுக்குப் போயின. நேஷனல் லீக் என்ற பெயரே அழிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், அதே கதை. இரண்டு கிளப்புகள் மேலே போகின்றன, கீழே இருக்கும் லீக் கலைகிறது. இரண்டு தடவையும் தோற்றுப்போய் யாரும் கீழே இறங்கவில்லை, ஜெயித்து யாரும் மேலே ஏறவில்லை. கால்பந்தைப் போல ஏற்ற இறக்கம் அங்கே கிடையாது. மாடிகள் உண்டு, நடுவில் படிக்கட்டு இல்லை. மேலே போக விரும்பும் கிளப் பணத்தையும் அரங்கையும் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். ஓர் அணி தன் கணக்கைப் பார்த்து எடுக்கும் முடிவு, அது விட்டுப்போகும் மற்ற எல்லா அணிகளின் கணக்கையும் குலைத்துவிடுகிறது. இரண்டாம் அடுக்கு என்பதால் இது இன்னும் கடுமை. ஆட்டக்காரர்களில் பலர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள், அதனால் ஆட்டம் சனி ஞாயிறில்தான். சொந்த ஊரில் ஓர் ஆட்டம் குறைந்தால் அந்த வார நுழைவுச்சீட்டு வருமானம் முழுதும் போனது. பனித்தள வாடகை மட்டும் குறையாது.

2017இல் மீந்த ஏழு கிளப்புகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஹல், ஷெஃபீல்டு ஸ்டீல்டாக்ஸ், டெல்ஃபர்ட் மூன்றும் நேஷனல் ஐஸ் ஹாக்கி லீக்கின் வடக்குப் பிரிவுக்கும், மற்ற நான்கும் தெற்குப் பிரிவுக்கும் போயின. அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவை இவர்களைவிடச் சிறிய கிளப்புகள். இரண்டு பருவங்கள் இப்படியே ஓடின. 2019இல் நேஷனல் டிவிஷன் என்று நாடு தழுவிய ஒரே பிரிவு மறுபடி உருவானது. அதில் பத்து கிளப்புகள்: அதே ஏழு, ரோம்ஃபர்டின் ரெய்டர்ஸ், புதிதாக லீட்ஸ் சீஃப்ஸ், எலீட் லீக்கிலிருந்து திரும்பிய மில்டன் கீன்ஸ் லைட்னிங். லீட்ஸ் அணிக்குப் பருவம் தொடங்கும்போது சொந்தப் பனித்தளமே தயாராகவில்லை. 2020 ஜனவரியில்தான் அங்கே முதல் ஆட்டம். அதுவரை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள் அல்லவா, அதுவும் லீக்கின் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? லீக் என்றே எழுதினால் என்ன குறை? ஒரு குறை கண்ணெதிரே இருக்கிறது. 'வினாத்தாள் லீக்' என்றும் எழுதுகிறோம். கசிவுக்கும் கட்டுக்கும் தமிழ் எழுத்தில் வேறுபாடு தெரிவதில்லை. இன்னொன்று, முன்பு சொன்னதுபோல, லீக் என்றதும் நம் வாசகர் மனதில் சுற்றுதான் வருகிறது. 'லீக் கலைந்தது' என்று எழுதினால் ஒரு தொடர் பாதியில் நின்றது என்றுதான் நினைப்பார்.

கழகம் என்று சிலர் எழுதுகிறார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் கிளப்பையே கழகம் என்கிறார்கள், பிறகு கழகங்களின் கழகம் என்று எழுத வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கட்சிகள் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆயிற்று. சங்கம்? லீக் ஆஃப் நேஷன்ஸ் என்பது பன்னாட்டுச் சங்கம் என்று பாடநூலில் வந்தபோது பொருந்தியது. ஆனால் விளையாட்டில் விதி வகுக்கும் ஆட்சி அமைப்பைத்தான் சங்கம் என்கிறோம், அதுவும் லீக்கும் ஒன்றல்ல. கூட்டணி எனக்கு மிகவும் பிடித்த சொல். கூட்டு, அணி, இரண்டையும் பிரித்துப் பார்த்தால் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் தேர்தல் நேரத்துச் சொல்லாக அது ஆகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது.

லத்தீன் வேருக்கு நேரான தமிழ் வினை யாத்தல். யாப்பு அதிலிருந்து வந்ததுதான். சீரைச் சீரோடு கட்டுவது தளை, அடியை அடியோடு சேர்ப்பது தொடை என்று செய்யுள் இலக்கணம் முழுக்கக் கட்டுதலின் சொற்கள். இலங்கையில் ஓர் அமைப்பின் விதித்தொகுப்பை யாப்பு என்கிறார்கள், அதுவும் அழகான பயன்பாடு. ஆனால் தமிழ்நாட்டில் யாப்பு என்றால் வெண்பாதான் நினைவுக்கு வரும்.

கூட்டிணைவு என்ற சொல்லை நான் தேர்ந்தெடுக்கிறேன். சிலர் ஏற்கெனவே எழுதிவருவதுதான். தனித்தனியாக நிற்பவர்கள் சேர்ந்து இணைகிறார்கள் என்ற பொருள் அதில் இருக்கிறது, இணைந்தது பிரியலாம் என்பதும் இருக்கிறது. லீக் சுற்றுக்கு அந்தச் சொல் வேண்டாம், அதைச் சுழல்முறைச் சுற்று என்று சொன்னால் போதும். ஒரு பருவத்தின் ஆட்டங்களைத் தொடர் என்கிறோம், அது நல்ல தமிழ், அப்படியே இருக்கட்டும். தொடர் என்பதற்குச் சங்கிலி என்றும் பழைய பொருள் உண்டு. டிவிஷன் பிரிவு. மைனர் லீக் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றக் கூடாது, தமிழில் மைனர் வேறு ஆள். இரண்டாம் அடுக்குக் கூட்டிணைவு என்றால் புரியும். எலீட் லீக், பிரீமியர் லீக் போன்ற பெயர்களைத் தொட வேண்டியதில்லை, ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க மாட்டோமே, அதுபோல.

அப்புறம், கலைந்த லீக்கை மாற்றி அமைப்பதற்குச் சொல்லக்கூடிய மறுசீரமைப்பு. கடன் மறுசீரமைப்பு என்று 2022க்குப் பிறகு இலங்கைச் செய்திகளில் ஓயாமல் கேட்ட சொல். சீர் உள்ளே இருப்பதால் ஏதோ ஒழுங்குக்கு வந்துவிட்டது என்ற நம்பிக்கையை அது முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. 2017இல் நடந்ததற்கு அது பொருந்தாது. அன்று ஏழு கிளப்புகளும் வடக்கும் தெற்குமாகச் சிதறின, அவ்வளவுதான். 2019இல் அவிழ்ந்த கயிற்றை எடுத்து மறுபடி கட்டினார்கள். மறுகட்டமைப்பு என்பதில் கட்டு வெளிப்படையாகவே இருக்கிறது. எனவே நான் இப்படி எழுதுவேன்: 'இரண்டு கிளப்புகள் விலகியதால் 2017இல் இரண்டாம் அடுக்குக் கூட்டிணைவு கலைந்தது, 2019இல் பத்து கிளப்புகளோடு அது மறுகட்டமைக்கப்பட்டது.'