உருவம் பிடிபடாத கடல்வாசிகள்

2009 செப்டம்பரில் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து 'தாரா' என்ற பாய்மரக் கப்பல் புறப்பட்டது. நீளம் 36 மீட்டர்தான். 2013 வரை கடல் கடலாகச் சுற்றி அது அள்ளி வந்தவற்றில் பெரும்பகுதி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. புரோட்டிஸ்டுகள் பற்றி நாம் நினைத்திருந்த பலவற்றை அந்தப் பயணம் புரட்டிப்போட்டது.

செல்லுக்குள் உட்கரு இருக்கும், ஆனால் விலங்கிலும் தாவரத்திலும் பூஞ்சையிலும் சேராது. அப்படிப்பட்டவை எல்லாமே புரோட்டிஸ்டுகள்தான். பெரும்பாலும் ஒரே செல். அமீபா, மலேரியாக் கிருமி, சிலிக்காவில் ஓடு கட்டிக்கொள்ளும் டையாட்டம் ஆகியவற்றோடு, 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகளை நீலமாக ஒளிரவைத்த நாக்டிலூகாவும் இந்தக் கணக்கில் வரும்.

டையாட்டத்தை அதன் ஓட்டு வேலைப்பாட்டை வைத்து நுண்ணோக்கியில் அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் இரண்டு மூன்று மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில், உருண்டையாக, வாலை ஆட்டிக்கொண்டு திரியும் ஆயிரக்கணக்கானவை பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சில, பதப்படுத்தும் திரவம் பட்டதுமே உடைந்துபோகும். இன்னும் சில வேறொரு செல்லுக்குள் ஒட்டுண்ணியாகக் குடியிருக்கும். ஆய்வகத்தில் வளர மறுப்பவையே அதிகம்.

எனவே, ஆளைத் தேடாமல் டிஎன்ஏவைத் தேடினார்கள். கடல்நீரை 0.8 முதல் 5 மைக்ரான், 5 முதல் 20 மைக்ரான் என்று அளவுவாரியாக வடிகட்டி, வடிதாளில் தங்கியதிலிருந்து மொத்த டிஎன்ஏவையும் பிரித்தெடுத்தார்கள். மீனையோ திமிங்கிலத்தையோ இப்படித் தேடும்போது கிடைப்பது அவை உதிர்த்த செல்களின் தடயம் மட்டும்தான். புரோட்டிஸ்ட் என்றால் பெரும்பாலும் முழு உயிரியே வடிதாளில் மாட்டிக்கொள்ளும். அப்புறம், கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் பல்லாயிரம் மடங்கு படியெடுக்கும் முறை. உட்கரு உள்ள எல்லா உயிரிக்கும் புரதம் தயாரிக்க ரைபோசோம் தேவை, அதனால் அந்த ரைபோசோமின் ஒரு பகுதிக்கான 18எஸ் மரபணுவும் எல்லாவற்றிலும் உண்டு. அதில் சில பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகளான பிரைமர்கள் ஒட்டுவது அங்கே. நடுவே உள்ள துண்டு இனத்துக்கு இனம் மாறும். தாரா குழு படித்தது அப்படியொரு சிறு துண்டை. 130 எழுத்து நீளம் இருக்கும்.

2015-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வந்தன. வெளிச்சம் படும் மேல்கடலில் மட்டும் சுமார் 1.5 லட்சம் மரபணுவகைகள் (ஒத்த துண்டுகளைச் சேர்த்து ஒரு வகையாக எண்ணியது). அதுவரை பெயர் சூட்டி விவரித்திருந்த, உட்கருவுள்ள கடல் மிதவை இனங்களோ ஏறத்தாழ 11,000. வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை எந்தக் குழுவிலும் சேர்க்க முடியவில்லை. என்னைக் கேட்டால் இதைவிட முக்கியமான செய்தி வேறு: ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகளைவிட, பிறரைத் தின்பவை, ஒட்டுண்ணிகள், கூட்டுவாழ்விகள் இவற்றில்தான் பன்மை அதிகம். தரையிலும் இதே கதை. கோஸ்டாரிகா, பனாமா, ஈக்வடார் மழைக்காட்டு மண்ணை இதேபோல் படித்தபோது மலேரியாக் கிருமியின் உறவுக்காரர்களே கொட்டிக்கிடந்தனர். இவற்றில் பல பூச்சிகளைத் தொற்றி வாழ்பவையாக இருக்கலாம். எந்த ஒரு பூச்சியினமும் அளவுமீறிப் பெருகாமல் இவை தடுக்கின்றன என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

சரி, இந்த எண்களை அப்படியே தலைக்கணக்காக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. டைனோஃபிளஜெல்லேட்டுகள் (நாக்டிலூகா சேர்ந்த குழு) சிலவற்றின் ஒரே செல்லில் 18எஸ் மரபணு ஆயிரக்கணக்கில் இருக்கும், சின்னப் பாசிகளில் சில பிரதிகள்தான். ஒருவரே ஆயிரம் கள்ள ஓட்டுப் போட்ட தேர்தல் முடிவு மாதிரி. செத்த செல்லின் டிஎன்ஏவும் கொஞ்சநாள் நீரில் கிடக்கும். உயிரோடு இயங்குபவை எவை என்று அறிய ஆர்என்ஏவையும் பார்ப்பது அதனால்தான். பிரைமர் சரியாக ஒட்டாத இனங்கள் கணக்கிலேயே வராது.

டிஎன்ஏ எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு டிப்ளோனீமிடுகள் என்ற புரோட்டிஸ்ட் குழு நல்ல உதாரணம். விரல்விட்டு எண்ணும் இனங்களே தெரிந்திருந்த இந்தக் குழு, தாரா தரவில் கடலின் பன்மைமிக்க குழுக்களுள் ஒன்றாக வந்து நின்றது. ஆனால் அவை என்ன தின்கின்றன, எப்படி இருக்கின்றன என்பதை டிஎன்ஏ துண்டு சொல்லவில்லை. 2016-இல் கலிஃபோர்னியாவை ஒட்டிய கடலில் ஒவ்வொரு செல்லாகப் பிடித்து, படமெடுத்து, அதே செல்லின் மரபணுத்தொகுதியையும் படித்தார்கள். பழைய நுண்ணோக்கியின் உதவி அதற்கும் தேவைப்பட்டது.