குளிரிலும் சுடும் டொங்கிள்

நுவரெலியாக் குளிரில் கைவிரல் மரத்துப்போயிருக்கும். இயர்போனை இணைக்கப் போனில் செருகிய சின்ன யூஎஸ்பி ஓடியோ டொங்கிளைத் தொட்டால் சுடும். பாட்டும் காதைக் கீறினால், சூட்டில்தான் சத்தம் கெடுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியில்லை, இரண்டுக்கும் காரணம் வேறு.

யூஎஸ்பி தருவது 5 வோல்ட். உள்ளிருக்கும் சிப்புக்குப் பொதுவாக 3.3 வோல்ட்டோ அதற்குக் குறைவோ போதும். மிஞ்சும் 1.7 வோல்ட்டை மலிவான டொங்கிளில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் வெறும் வெப்பமாக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு மின்சக்தி அங்கேயே போயிற்று. டொங்கிள் 100 மில்லிஅம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், அது அரை வாட். சாதாரண சத்தத்தில் இயர்போனுக்குப் போவது ஓரிரு மில்லிவாட்தான். மற்றதெல்லாம் சூடு.

வெளிக்குளிர் உதவாதா? உதவும். சுற்றியுள்ள காற்றைவிட 25 பாகை ஏறும் டொங்கிள் இங்கே 15 பாகையில் 40இல் நிற்கும், கொழும்பில் 55ஐத் தொடும். ஆனால் நாமோ போனை ஜெர்சிப் பையிலும் கம்பளிக்குள்ளும் வைத்தல்லவா பாட்டுக் கேட்கிறோம்! வெளியே எடுத்து வையுங்கள். ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை அளந்த கணக்கு என்பதைப் பெட்டியில் 384 கிலோஹெர்ட்ஸ் என்று பெருமையாகப் போட்டிருந்தாலும் 48 போதும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதற்கு அதன் இருமடங்கைச் சற்றுத் தாண்டிய வேகமே போதும். வேகம் கூடினால் சிப்புக்கு வேலைதான் கூடும்.

செருகுமுனை மட்டும் சுட்டால் கதை வேறு. பனிமூட்டத்தில் நடந்துவந்து, அடுப்பெரியும் குசினிக்குள் நுழைந்ததும் குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். நாளடைவில் அரிப்பு, அதனால் மின்தடை, அதனால் சூடு. நன்றாகக் காயவிட்டுத்தான் செருக வேண்டும். அப்படியும் சுட்டால் அதைக் கழித்துவிடுங்கள்.

சரி, கீறல் சத்தம்? முதலில் ஈக்வலைசரை, அதாவது பேஸ் போன்ற ஒலிப்பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பைப் பாருங்கள். இப்போதைய பாட்டுகள் பல டிஜிட்டல் பதிவு தாங்கும் உச்ச அளவைத் தொட்டபடியே பதிவாகின்றன. அதன்மேல் பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அந்தத் தட்டையிலிருந்துதான் மூலப்பாட்டில் இல்லாத கூர்மையான ஒலிகள் பிறக்கின்றன. அதே ஈக்வலைசரில் மொத்தச் சத்த அளவான ப்ரீஆம்பை 6 டெசிபெல் இறக்குங்கள், அலைக்கு இடம் கிடைக்கும். 'ச', 'ஷ' மட்டும் குத்தினால் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். பல மலிவு இயர்போன்களில் குற்றவாளி டொங்கிள் அல்ல, இயர்போனே.

திருவிழாவில் போனில் பதிவெடுத்த தப்பு மேளச் சத்தத்துக்கு இந்த வைத்தியம் செல்லாது. மைக்கிலேயே வெட்டுப்பட்ட அலையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் டொங்கிளும் திருப்பித் தராது. அடுத்த முறை தப்பு அடிப்பவர்களிடமிருந்து நாலைந்து பாகம் (கைவிரித்த நீளம்) தள்ளி நின்று பதிவெடுங்கள்.