அரிய வன்பொருளில் அகப்படும் பிழைகள்

பழைய சன் அல்ட்ரா 5 கணினி ஒன்று கையில் கிடைத்தால் பெரும்பாலோர் அதைக் காயலான் கடைக்குத்தான் அனுப்புவார்கள். 1998-ல் வந்த கணினி. உள்ளே இருப்பது இன்டெல் செயலி அல்ல, அல்ட்ராஸ்பார்க் என்ற 64 பிட் செயலி. விண்டோஸ் அதில் ஓடாது. தயாரித்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தையே 2010-ல் ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆனாலும் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் அந்தச் செயலி சேர்ந்த ஸ்பார்க் குடும்பத்தைக் கைவிடவில்லை. பாதுகாப்பையே உயிராகக் கருதும் திட்டம் அது. 1995-ல் தியோ டி ராட் தொடங்கியது; கனடாவின் கால்கரி நகரம்தான் அதன் தாயகம். சந்தையில் இல்லாத கணினிகளுக்காக அவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? இரக்கத்தாலோ பழம்பொருள் மோகத்தாலோ அல்ல. அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி இத்தகைய கணினிகளில்தான் உருவாகிறது என்பதே என் கருத்து.

முதலில் நிறுவும் வழியைப் பார்ப்போம். மின்சாரம் வந்ததும் கணினியை எழுப்பிவிடும் வேலையை நாம் பழகிய கணினியில் பயாஸ் செய்கிறது; சன் கணினியில் ஓப்பன்பூட் செய்கிறது. அதற்குள் ஃபோர்த் என்ற முழுமையான நிரல்மொழியே இருக்கிறது. ஸ்டாப், ஏ ஆகிய இரண்டு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'ஓகே' என்று எழுதிவிட்டு நம் கட்டளைக்காகக் காத்திருக்கும். விசைப்பலகையைச் செருகாமலே மின்சாரம் கொடுத்தால், சீரியல் போர்ட் வழியாகப் பேசத் தொடங்கும். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு மடிக்கணினியை இணைத்துவிட்டால் போதும், திரையும் தேவையில்லை.

தடை பெரும்பாலும் ஒரு சிறிய சில்லில் காத்திருக்கும். கணினியின் ஈதர்நெட் முகவரியும் துவக்க அமைப்புகளும் கடிகாரச் சில்லில் பதிந்திருக்கின்றன. மின்கலமும் அதே சில்லுக்குள் சேர்த்து அடைக்கப்பட்டிருப்பதால், அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துபோகும். புதிய சில்லைப் பொருத்தி, முகவரியைப் பைட் பைட்டாகக் கையால் எழுத வேண்டும். முகவரி இல்லாமல் அடுத்த படி நடக்காது.

அடுத்த படி, வலையமைப்பு வழியாகத் துவக்குவது. சிடி இயக்கி பழுதான பழைய கணினிக்கு இதுவே நம்பகமான வழி. 'பூட் நெட்' என்று கட்டளையிட்டதும், கணினி தன் ஈதர்நெட் முகவரியைச் சொல்லி, "என் ஐபி முகவரி என்ன?" என்று வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுக்கும். நாம் தயார்செய்து வைத்த மற்றொரு கணினி பதில் தரும். பிறகு தன் ஐபி முகவரியையே பதினாறடிமான எண்ணில் எழுதி, அந்தப் பெயரில் ஒரு கோப்பைக் கேட்கும். முகவரி 192.168.1.10 என்றால் கோப்பின் பெயர் சி0ஏ8010ஏ. 192 என்பது சி0, 168 என்பது ஏ8, 1 என்பது 01, 10 என்பது 0ஏ. அந்தக் கோப்புதான் துவக்கி. துவக்கி வந்து, முழுவதும் ரேமிலேயே இயங்கும் சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்றை வரவழைக்கும். நிறுவும் நிரல் அதற்குள் இருக்கிறது.

அதன்பின் வேலை எளிது. எழுத்துத் திரையில் கேள்விகள் வரும். பெரும்பாலானவற்றுக்கு என்டர் விசையே பதிலாகப் போதும். வட்டைத் தானே பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும். தேவையற்ற சேவை எதையும் அது தானாகத் திறந்துவைப்பதில்லை. இறங்கும் கோப்புகளின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கும். அடுத்த வெளியீட்டின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி இந்த வெளியீட்டிலேயே வந்துவிடுவதால், நம்பிக்கைச் சங்கிலி அறுபடாமல் தொடர்கிறது.

இனி அந்தக் கணினி திட்டத்துக்கு என்ன தருகிறது என்று பார்ப்போம். 1 என்ற எண்ணை 4 பைட்டுகளில் சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் அதை 1, 0, 0, 0 என்ற வரிசையில் வைக்கும். ஸ்பார்க் 0, 0, 0, 1 என்று வைக்கும். இப்போது ஒரு நிரலாளர் 8 பைட் எண் ஒன்றைத் தவறுதலாக 4 பைட் எண்ணாகப் படிக்கிறார். சிறிய எண்களாக இருக்கும்வரை இன்டெலில் சரியான விடையே வரும். பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். என்றோ ஒருநாள் பெரிய எண் வரும்போது நீளத்தைத் தப்பாகக் கணக்கிட்டு நினைவகத்தின் எல்லையைத் தாண்டும். தாக்குபவருக்குக் கதவு திறந்துவிடும். ஸ்பார்க்கிலோ முதல்முறை ஓட்டும்போதே விடை சுழி. பிழை அன்றே பிடிபடும். அதேபோல், 4 பைட் எண் நான்கால் வகுபடும் முகவரியில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஸ்பார்க் கறார் காட்டும். இன்டெல் பொறுத்துக்கொள்ளும் பிறழ்வுக்கு இங்கே நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். இந்தக் கறார்த்தனத்தைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார். பிடிபட்ட பிழையைத் திருத்தினால் பயன் இன்டெல் கணினி வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

ஸ்பார்க் தரும் தனிப் பாதுகாப்பும் ஒன்று உண்டு. ஒரு செயற்கூறு இன்னொன்றை அழைத்தால், வேலை முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை எங்காவது குறித்துவைக்க வேண்டும். பல செயலிகளில் அது நேராக நினைவகத்தில் இதற்கென்றே உள்ள அடுக்குக்கு (ஸ்டாக்) போகிறது. அதை மாற்றி எழுதித் தன் விருப்பப்படி நிரலைத் திருப்பிவிடுவதுதான் தாக்குபவரின் பழைய தந்திரம். ஸ்பார்க்கில் ஒவ்வொரு செயற்கூறுக்கும் செயலிக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடங்களான பதிவகங்களில் ஒரு 'சாளரம்' ஒதுக்கப்படுகிறது. திரும்பும் முகவரி அதில் இருக்கும். சாளரங்கள் தீர்ந்தால்தான் பழையதை அடுக்குக்கு இறக்க வேண்டும். இறக்கி ஏற்றும் வேலையைச் செய்வது கெர்னல்.

அந்த இடைவெளியை ஸ்டாக்கோஸ்ட் என்ற உத்தி பிடித்துக்கொண்டது. 2001-ல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் விளக்கப்பட்ட இதை ஓப்பன்பிஎஸ்டி ஸ்பார்க்கில் சேர்த்துக்கொண்டது. முகவரியை இறக்கும்போது கெர்னல் அதை ஒரு ரகசிய எண்ணோடு பிட் பிட்டாகக் கலந்து (எக்ஸார்) வைக்கும். ஏற்றும்போது மீண்டும் அதே எண்ணோடு எக்ஸார் செய்தால் அசல் முகவரி கிடைத்துவிடும். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ரகசிய எண் வேறு. தாக்குபவர் அடுக்கில் தன் முகவரியைத் திணித்தாலும், ஏற்றும்போது அது உருத்தெரியாமல் மாறி நிரல் செத்துவிழும். நிரலை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு.

எழுதக்கூடிய நினைவகப் பகுதியில் நிரல் ஓடக் கூடாது என்ற விதியும் இப்படித்தான் வந்தது. 2003-ல் ஓப்பன்பிஎஸ்டியின் 3.3 வெளியீட்டில் அது முதலில் அமைந்தது ஸ்பார்க், ஆல்பா போன்ற கணினிகளில். பக்கம் பக்கமாக அனுமதி வழங்கும் வசதி அவற்றில் இருந்தது. அன்றைய 32 பிட் இன்டெலுக்குச் சுற்றுவழி கண்டுபிடித்து அடுத்த வெளியீட்டில்தான் சேர்க்க முடிந்தது.

இதற்கெல்லாம் விலை உண்டு. ஒவ்வொரு வகைக்குமான வெளியீட்டை அந்தந்த வகைக் கணினியிலேயே உருவாக்குவது ஓப்பன்பிஎஸ்டியின் கொள்கை. தன்னைத் தானே கட்டி எழுப்பும்போது கணினி பெறும் சோதனை வேறு வழியில் கிடைக்காது. ஆனால் அடுக்கடுக்கான பழைய கணினிகள் மின்சாரத்தைக் குடிக்கின்றன. 2014-ல் மின்கட்டணத்துக்கே திட்டம் பொதுவில் நன்கொடை கேட்க வேண்டியிருந்தது. 2016-ல் வந்த 5.9 வெளியீட்டுக்குப் பிறகு வேக்ஸ் என்ற பழைய கணினி வகையும் 32 பிட் ஸ்பார்க்கும் விடைபெற்றன. 64 பிட் ஸ்பார்க் தொடர்கிறது.

ஆகவே அல்ட்ரா 5-ல் ஓப்பன்பிஎஸ்டி எழுந்து நின்றதும் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். துவங்கும்போது கெர்னல் எந்தெந்த வன்பொருளைக் கண்டது என்ற பட்டியலை 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை தரும். அதை மின்னஞ்சலில் அனுப்பும்படி திட்டம் எல்லாப் பயனர்களையும் கேட்டுக்கொள்கிறது. எந்தக் கணினி இன்னும் எங்கே ஓடுகிறது, எந்தச் சாதனம் அடையாளம் காணப்படாமல் நிற்கிறது என்பதை நிரலாளர்கள் அதைப் பார்த்துத்தான் அறிகிறார்கள்.